சிறிய பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு?

நன்னீர் மீன் தொட்டியில் சில ஆண்டுகள் பழகியவர்களுக்குக் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்துப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. வீவக வீட்டின் வரவேற்பறையில் 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டி, அதில் இரண்டு கோமாளி மீன்கள், பாறை மேல் அசைந்தாடும் நான்கைந்து பவளங்கள். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி அது.

தொட்டி, உப்பு, பாறை, நீரோட்டக் கருவி எல்லாம் வாங்கிய பிறகு விளக்கு வாங்கும் நேரம் வரும். அப்போது பலரும் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை வாட் விளக்கு போட வேண்டும்?” என்பதுதான். அடுத்த கேள்வி, “இருப்பதிலேயே பிரகாசமானது எது?” என்பது. இந்த இரண்டு கேள்விகளாலும் பணம் வீணாகிறது. சில வேளைகளில் பவளமும் இறந்துபோகிறது. அவற்றுக்குப் பதிலாக என்ன கேட்க வேண்டும் என்பதே இந்த வாரப் பாடம்.

விளக்கு யாருக்காக?

மீன்களுக்குப் பெரிய விளக்கு தேவையில்லை. பகல், இரவு என்ற வேறுபாடு தெரிந்தால் போதும். பவளத் தொட்டியின் விளக்கு பவளத்துக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்காக.

பவளம் ஒரு செடி அல்ல. அது ஒரு விலங்கு. கடல் சாமந்தி, இழுதுமீன் ஆகியவற்றின் உறவுக்காரர். ஆனால் அதன் தசைக்குள் ஒரு செல் பாசிகள் வாழ்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பாசிகள் இருக்கலாம். பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை முதலிய உணவைத் தயாரிக்கின்றன. அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பதிலுக்குப் பவளம், பாதுகாப்பான இடத்தையும் தன் கழிவுகளிலுள்ள நைட்ரஜன், கரியமில வாயு ஆகியவற்றையும் பாசிக்குத் தருகிறது. நல்ல ஒளியுள்ள இடத்தில் வாழும் பவளத்துக்குத் தேவைப்படும் ஆற்றலில் 90 விழுக்காடு வரை இந்தப் பாசிகளிடமிருந்தே கிடைக்கக்கூடும்.

ஆகவே விளக்கு வாங்குவது என்பது ஒரு வகையில் பவளத்துக்குச் சாப்பாடு வாங்குவது போன்றது. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதா என்பது இரண்டாவது கேள்வி. பாசியால் அந்த ஒளியைப் பயன்படுத்த முடியுமா என்பதே முதல் கேள்வி.

கடல் ஒளியை வடிகட்டுகிறது

பவளத் தொட்டிகளின் மேல் ஏன் எப்போதும் நீல விளக்கு எரிகிறது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். அழகுக்காக மட்டும் என்று நினைத்தால் அது தவறு.

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. தண்ணீர் அவற்றை ஒரே அளவில் உள்ளே விடுவதில்லை. தூய நீரில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி 5 மீட்டர் ஆழத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். 10 மீட்டரில் சுமார் 3 விழுக்காடுதான் மிஞ்சும். 450 நானோமீட்டர் நீல ஒளியோ, அதே 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அப்படியே இருக்கும். தெளிந்த கடலின் பவளப் பாறைகளில் வாழும் பாசிகள் காலங்காலமாக நீல ஒளியில் வாழ்ந்து பழகியவை. அவற்றிலுள்ள பச்சையம், பெரிடினின் போன்ற நிறமிகள் 400 முதல் 500 நானோமீட்டருக்கு இடைப்பட்ட ஊதா, நீல ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்கின்றன. பெரிடினின் நீலப் பச்சை ஒளியிலும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நம் வீட்டுத் தொட்டியில் நீரின் ஆழம் 30 சென்டிமீட்டர்தான். அந்த ஆழத்தில் சிவப்பு ஒளியில் பத்தில் ஒரு பங்குகூடச் சரியாகக் குறையாது. அதாவது, 10 மீட்டர் கடல்நீர் செய்யும் வேலையை 30 சென்டிமீட்டர் தொட்டி நீர் செய்யாது. அந்த வடிகட்டும் வேலையை விளக்கே செய்துகொடுக்க வேண்டும். நீல ஒளி அதிகமாகவும் வெள்ளை ஒளி அளவாகவும் உள்ள விளக்கைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

சிங்கப்பூர்க் கடல் இன்னொரு பாடத்தையும் சொல்லித் தருகிறது. நம் தென்தீவுகளைச் சுற்றியுள்ள நீரில் வண்டல் அதிகம். ஒளி ஆழமாக இறங்குவதில்லை. அதனால் புலாவ் ஹந்து, சிஸ்டர்ஸ் தீவுகள் போன்ற இடங்களில் பவளங்கள் பெரும்பாலும் மேலுள்ள சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே செழிக்கின்றன. இருந்தாலும் நம் கடலில் 250 வகைக்கும் மேற்பட்ட கல் பவளங்கள் பதிவாகியுள்ளன. மங்கலான ஒளிக்கும் பவளங்கள் பழகிக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பழகுவதற்குக் காலம் வேண்டும். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

விளக்குப் பெட்டியில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: வாட், லூமன், கெல்வின். ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம்.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வெளியே வரும் ஒளியின் அளவு அல்ல. இரண்டு 30 வாட் விளக்குகளில் ஒன்று மற்றதைவிட அதிக ஒளி தரலாம். மின்கட்டணத்தைக் கணக்கிட மட்டுமே இந்த எண் உறுதியாக உதவும்.

லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற அளவு. இதில்தான் பெரிய சிக்கல். நம் கண், 555 நானோமீட்டருக்கு அருகிலுள்ள மஞ்சள் கலந்த பச்சை ஒளியை மிகக் கூர்மையாக உணரும். நீலத்தை மிகக் குறைவாகவே உணரும். ஒரு வாட் பச்சை ஒளி (555 நானோமீட்டர்) 683 லூமன் தரும். அதே ஒரு வாட் நீல ஒளி (450 நானோமீட்டர்) சுமார் 26 லூமன்தான் தரும். கண்ணுக்கு 26 மடங்கு வேறுபாடு!

ஒளிச்சேர்க்கைக்கோ ஃபோட்டான் என்னும் ஒளித்துகள்களின் எண்ணிக்கைதான் முக்கியம். அந்தக் கணக்கில் ஒரு வாட் பச்சை ஒளியில் நொடிக்குச் சுமார் 4.6 மைக்ரோமோல் ஃபோட்டான்களும், ஒரு வாட் நீல ஒளியில் சுமார் 3.8 மைக்ரோமோல் ஃபோட்டான்களும் இருக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் வேறுபாடு. அதிலும் பாசி அதிகம் விரும்பி உறிஞ்சுவது நீலத்தைத்தான். எனவே லூமன் அதிகமுள்ள சாதாரண வெள்ளை விளக்கு நம் கண்ணைக் கூச வைத்தாலும் பவளத்துக்கு அரைச் சாப்பாடாக இருக்கலாம். மங்கலாகத் தெரியும் நீல விளக்கு அதற்கு முழுச் சாப்பாடாகவும், சில வேளைகளில் அளவுக்கு மீறிய விருந்தாகவும் இருக்கலாம்.

கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் காட்டும் எண். நண்பகல் வெளிச்சம் போன்ற வெள்ளைக்கு 6,500 கெல்வின் என்பார்கள். பவளத் தொட்டி விளக்குகளில் 10,000, 14,000, 20,000 என்று போட்டிருக்கும். எண் கூடக் கூட நீலம் கூடும். ஆனால் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்பதை இந்த ஓர் எண்ணால் சொல்லிவிட முடியாது. தயாரிப்பாளர் தரும் அலைநீள வரைபடத்தையும் பாருங்கள். 400 முதல் 480 நானோமீட்டர் வரையிலான பகுதியில் வரைகோடு உயர்ந்து நிற்க வேண்டும்.

கேட்க வேண்டிய எண்

நாம் கேட்க வேண்டியது பி.ஏ.ஆர். என்ற அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படக்கூடிய ஒளியை இது குறிக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான்கள் விழுகின்றன என்று அளப்பார்கள். மேகமில்லாத நண்பகலில் நம் ஊர் வெயிலில் இது ஏறத்தாழ 2,000 இருக்கும்.

வீட்டுத் தொட்டிப் பவளங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. பவளம் வளர்ப்போர் பொதுவாகப் பின்பற்றும் அளவுகள் இவை:

காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென் பவளங்கள்: 50 முதல் 100 வரை.

ஹாமர், டார்ச் போன்ற சதைப்பற்றுள்ள கல் பவளங்கள்: 75 முதல் 150 வரை.

மான்கொம்புப் பவளம் போன்ற சிறு முகப்புக் கல் பவளங்கள்: 200 முதல் 350 வரை.

இந்த அளவுகள் பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்க வேண்டியவை, நீர்மட்டத்தில் அல்ல. ஒரே தொட்டியில் விளக்குக்கு நேர்கீழே 150 இருக்கும்போது மூலையில் 50 இருக்கலாம். இது குறையல்ல, வசதி. அதிக ஒளி கேட்கும் பவளத்தை நடுவில் உயரமாகவும், குறைந்த ஒளி போதும் என்பதைக் கீழே ஓரமாகவும் வைக்கலாம்.

முதல் முறையாகப் பவளம் வளர்ப்பவர்களுக்கு என் பரிந்துரை: மென் பவளங்களோடு தொடங்குங்கள். அப்படியென்றால் பாறை மேல் 100 கிடைக்கும் விளக்கு போதும். மான்கொம்புப் பவளத்துக்கு ஏற்ற விலையுயர்ந்த விளக்கை இன்றே வாங்கத் தேவையில்லை.

அதிக ஒளி ஏன் ஆபத்து?

“கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் என்ன? பவளம் வேகமாக வளரட்டுமே” என்று தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியது. அதற்கு நான் கொடுத்த விலையை இங்கே சொல்கிறேன்.

என் வீட்டில் 60 லிட்டர் தொட்டி ஒன்று உண்டு. பழைய குழல் விளக்கின்கீழ் ஒரு ஹாமர் பவளம் ஏறத்தாழ ஓராண்டு நன்றாக இருந்தது. புதிதாக எல்.இ.டி. விளக்கு வாங்கி வந்த அன்றே அதை முழு அளவில் எரியவிட்டேன். ஐந்தாம் நாள் பவளம் சுருங்கியது; நிறமும் வெளுக்கத் தொடங்கியது. நீல ஒளி மங்கலாகத் தெரிந்ததால், “ஒளி போதவில்லை போலும்” என்று நானே முடிவு செய்து விளக்கை இன்னும் கீழே இறக்கினேன். பத்தாம் நாள் அது காகிதம்போல் வெளுத்துவிட்டது. சில வாரங்களில் சதை உரிந்து எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. வகுப்பில் ஒளிச்சேர்க்கை வரைபடத்தைப் பலமுறை வரைந்து காட்டிய ஆசிரியர், வீட்டில் அதை மறந்துபோனார்!

அந்த வரைபடம் என்ன சொல்கிறது? ஒளி கூடும்போது ஒளிச்சேர்க்கையின் வேகமும் முதலில் கூடும். ஓர் அளவுக்குப் பிறகு ஒளியைக் கூட்டினாலும் வேகம் கூடாது, வரைகோடு படுத்துவிடும். அப்போது ஒளி ஒரு கட்டுப்படுத்தும் காரணியாக இல்லை என்று மாணவர்கள் எழுதுவார்கள். அது சரிதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பயன்படாத அந்தக் கூடுதல் ஆற்றல் பாசிக்குள் தங்கி, செல்லைத் தாக்கும் வீரியமிக்க ஆக்சிஜன் வேதிப்பொருள்களை உருவாக்குகிறது. பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு சேதமடைகிறது. உதவ வேண்டிய குடித்தனக்காரர் நஞ்சைக் கக்கத் தொடங்கினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் தந்த பாசி போனதும் கண்ணாடி போன்ற தசையின் வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதைத்தான் வெளிறுதல் என்கிறோம்.

வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. ஆனால் அதற்குச் சாப்பாடு நின்றுவிட்டது. விரைவில் பாசி திரும்பாவிட்டால் அது பட்டினியால் இறக்கும்.

கடலிலும் இதே வெளிறுதல்தான் நடக்கிறது. அங்கே முக்கியக் காரணம் வெப்பம். ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் வழக்கமான சராசரியைவிட நீர் 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் வெளிறத் தொடங்குகின்றன. வெப்பம் பாசியின் தாங்கும் எல்லையைத் தாழ்த்துகிறது; முன்பு தாங்கிய அதே வெயில் இப்போது தாங்க முடியாததாகிறது. சிங்கப்பூர்ப் பவளங்கள் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பரவலாக வெளிறின. உலகம் நான்காவது முறையாகப் பெரும் பவள வெளிறுதலைச் சந்தித்துக்கொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

ஆக, ஒன்றை உறுதியாக நினைவில் வையுங்கள். குறைந்த ஒளியில் பவளம் மெல்லத்தான் வாடும். கவனித்துத் திருத்த உங்களுக்கு வாரக்கணக்கில் நேரம் இருக்கும். அதிக ஒளியில் சில நாட்களிலேயே வெளிறிவிடும். திருத்த நேரம் இருக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவதாக, எந்தப் பவளம் வளர்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். “இந்தப் பவளத்துக்கு, இந்த ஆழத்தில், எவ்வளவு பி.ஏ.ஆர். கிடைக்கும்?” என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள், எந்த உயரத்திலிருந்து எந்த ஆழத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று படம் வெளியிடுவார்கள்.

இரண்டாவதாக, ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. முழு அளவில் மட்டுமே எரியும் விளக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவதாக, ஒளி பரவும் விதத்தைப் பாருங்கள். ஒரு சிறு புள்ளியிலிருந்து குறுகிய கோணத்தில் விழும் ஒளி நடுவில் சுட்டெரித்து ஓரங்களை இருட்டில் விடும். 60 சென்டிமீட்டர் தொட்டிக்கு நீளவாக்கில் பரந்த விளக்கோ, அகன்ற கோணத்தில் ஒளி பாய்ச்சும் விளக்கோ பொருந்தும். உயரத்தை மாற்ற முடிகிற தாங்கி இருந்தால் இன்னொரு கட்டுப்பாடு கிடைக்கும். சிறு விளக்கென்றால் தூரத்தை இரட்டிப்பாக்கும்போது ஒளி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

நான்காவதாக, நேரம் குறித்து எரிந்து அணையும் வசதி. விளக்கிலேயே இல்லாவிட்டால் தனியாக ஒரு நேரக் கருவி வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வீடு திரும்ப வாய்ப்பில்லை அல்லவா?

ஐந்தாவதாக, பாதுகாப்பு. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தெறிக்கும் நீரைத் தாங்கும்படி செய்யப்பட்ட விளக்கை மட்டுமே வாங்குங்கள். மின்கம்பியைச் சுவரிலுள்ள இணைப்புக்கு நேராக இழுக்காமல், அதைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். கம்பி வழியே வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. தொட்டிக்குள் கைவிடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

நீலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. பல பவளங்களில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. அவை நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி வீசுகின்றன. 1999இல் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து பிரித்தறியப்பட்ட சிவப்பு ஒளிர் புரதம் இன்று உலகெங்கும் செல் ஆய்வுக் கூடங்களில் பயன்படுகிறது. தொட்டி வளர்ப்போருக்கு நன்கு அறிமுகமான அதே காளான் பவளந்தான்! மாலையில் வெள்ளையைக் குறைத்து நீலத்தை மட்டும் எரியவிட்டால் அந்த ஒளிர்வை உங்கள் தொட்டியிலேயே காணலாம்.

முதல் ஆறு வாரங்கள்

பவளம் புதிய ஒளிக்குப் பழகக் காலம் வேண்டும் என்று முன்பே சொன்னேன். அந்தக் காலத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

புதிய விளக்கையோ புதிய பவளத்தையோ கொண்டுவந்தால் 30 விழுக்காட்டில் தொடங்குங்கள். வாரத்துக்கு 5 விழுக்காடு மட்டும் கூட்டுங்கள். ஆறு வாரங்களில் 60 விழுக்காட்டை எட்டுவீர்கள். பெரும்பாலான சிறு தொட்டிகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கும். அதற்கு முன்பே பவளம் நன்றாக விரிந்து நல்ல நிறத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒளி போதும். அதில் முதல் ஒரு மணி நேரமும் கடைசி ஒரு மணி நேரமும் நீலம் மட்டும் எரிந்தால் விடியலும் அந்தியும்போல் இருக்கும். இரவில் இருட்டு கட்டாயம் வேண்டும். வரவேற்பறையில் நீங்கள் விழித்திருக்கும் வரை தொட்டி விளக்கும் எரிய வேண்டும் என்பதில்லை. ஒளி நேரம் நீண்டால் பவளத்தைவிட, கண்ணாடியிலும் பாறையிலும் படரும் வேண்டாத பாசிதான் அதிகம் மகிழும்.

பவளம் பேசாது, ஆனால் காட்டும். மேல்பகுதி வெளுத்து நிழல் பக்கம் மட்டும் நிறம் மாறாமல் இருந்தால், விளக்கு எரியும்போது சுருங்கியே கிடந்தால், ஒளி அதிகம் என்று பொருள். நிறம் அடர் பழுப்பாக மாறி, தண்டு நீண்டு விளக்கை நோக்கி எட்டிப் பார்த்தால் ஒளி குறைவு. குறைந்த ஒளியைச் சமாளிக்கப் பவளம் தன்னுள் பாசியை அதிகம் சேர்ப்பதால்தான் பழுப்பாகிறது. சந்தேகம் வந்தால் குறைக்கும் பக்கமே நில்லுங்கள். வெளுக்கும் பவளத்தைக் கண்டு ஒளியைக் கூட்டிய என் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். நிழலுக்கு மாற்றி, ஒளியைப் பாதியாக்கி, சிறிதளவு உணவு கொடுத்துக் காத்திருங்கள். நீரின் உப்பளவையும் வெப்பத்தையும் அப்போதே சரிபாருங்கள். அவை தவறினாலும் பவளம் சுருங்கும்.

வெப்பத்தை மறக்காதீர்கள்

பவளத் தொட்டியின் நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நம் வீடுகளில் குளிர்சாதனம் இல்லாத பகல் வேளையில் அறை வெப்பமே 30 டிகிரியைத் தொடும். அதன் மேல் விளக்கும் வெப்பம் சேர்க்கும்.

எவ்வளவு சேர்க்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 லிட்டர் நீரை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 252 கிலோஜூல் தேவை. 30 வாட் விளக்கின் ஆற்றல் முழுவதும் நீருக்குள் போனால், 252,000 ஜூலை 30ஆல் வகுக்க 8,400 நொடி, அதாவது 2 மணி 20 நிமிடம். 9 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 4 டிகிரி. உண்மையில் இது உச்ச அளவு, எல்.இ.டி. விளக்கின் வெப்பத்தில் ஒரு பகுதி மேல்பக்கம் காற்றில் போய்விடும், நீரும் தன் வெப்பத்தைக் காற்றுக்கு இழக்கும். இருந்தாலும் ஏற்கெனவே சூடான தொட்டிக்கு ஒரு டிகிரியும் பெரிதுதான். வெப்பம் கூடினால் ஒளியைத் தாங்கும் சக்தி குறையும் என்பதைக் கடலிலேயே பார்த்தோம்.

ஆகவே விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் குளிர்விக்க ஒதுக்குங்கள். நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும் சிறு விசிறி, நீரை ஆவியாக்கி ஓரிரண்டு டிகிரி குறைக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கும். எனவே குறைந்த நீரை உப்பில்லாத தூய நீரால் ஈடுசெய்ய வேண்டும். விசிறி போதாவிட்டால் சில்லர் எனப்படும் குளிரூட்டும் கருவி தேவைப்படும். இதற்குப் பணம் இல்லையென்றால் பவளம் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

மின்கட்டணக் கவலை வேண்டாம். 30 வாட் விளக்கு நாளுக்கு 9 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 8.1 யூனிட். உங்கள் கட்டண ரசீதிலுள்ள யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

பி.ஏ.ஆர். அளக்கும் கருவி விலை அதிகம். அது இல்லாமலேயே உங்கள் தொட்டியின் ஒளி வரைபடத்தைத் தயாரிக்கலாம்.

தொட்டியில் நீர் நிரப்பும் முன் அதன் அடிப்பகுதியை ஒன்பது கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விளக்கை அதன் இடத்தில் பொருத்தி எரியவிடுங்கள். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியைப் படுக்க வைத்து எண்ணைக் குறியுங்கள். நீல ஒளியின்கீழ் செயலி காட்டும் லக்ஸ் அளவை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஒரே விளக்கின்கீழ் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அது உதவும்.

எடுத்துக்காட்டாக, நடுக்கட்டத்தில் 4,000, மூலையில் 1,600 என்று வந்தால் மூலையில் 40 விழுக்காடு ஒளி. நடுவில், அதே ஆழத்தில் 120 பி.ஏ.ஆர். என்று தயாரிப்பாளர் சொன்னால் மூலையில் சுமார் 48. அது காளான் பவளத்துக்கான இடம். நீர் நிரப்பிய பின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியால் மூலையில் சற்றுக் கூடலாம். தொடக்கத்துக்கு இந்தக் கணக்கு போதும்.

இன்னொரு கணக்கு மாணவர்களுக்கு. 100 பி.ஏ.ஆர். ஒளி 9 மணி நேரம் விழுந்தால் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் ஒளி எவ்வளவு? 100 × 3,600 × 9 = 3,240,000 மைக்ரோமோல், அதாவது 3.24 மோல். 6 மணி நேரத்தில் இதே அளவைத் தர எவ்வளவு பி.ஏ.ஆர். வேண்டும்? விடை 150. ஆனால் அந்த 150ஐ உங்கள் பவளம் தாங்குமா? கணக்கு முடிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது.

கடைசியாக ஒன்று. கல் பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் என்ற அனைத்துலக உடன்பாட்டின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. அனுமதிச் சீட்டின்றி நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல முடியாது. தீவுகளுக்குச் சுற்றுலா போகும்போது ஒரு துண்டை உடைத்து எடுத்து வரவும் கூடாது. வளர்ப்பவர்கள் தங்கள் பவளத்திலிருந்து வெட்டி ஒட்டி வளர்த்த துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். அவை தொட்டி ஒளிக்கு ஏற்கெனவே பழகியவை, கடலுக்கும் இழப்பில்லை. நம் தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் 100,000 பவளங்களை நம் கடலில் மீண்டும் வளர்க்கப் பாடுபடுகிறார்கள். ஒரு துண்டு பவளம் பிழைத்து வளர்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது வீட்டில் ஒன்றை வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனிக் கடைக்குப் போகும்போது வாட் கேட்காதீர்கள். எந்தப் பவளம், எந்த ஆழம், எவ்வளவு பி.ஏ.ஆர். என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் 30 விழுக்காட்டில் தொடங்குங்கள்.